சித்தப்பா... வரும்போது ஒரு கிராஃபிக்ஸ் கார்டு!

உங்க வீட்டுலயும் ஒரு சித்தப்பா இருப்பார். சித்தப்பா இல்லைன்னா மாமா, மாமா இல்லைன்னா எதிர்வீட்டு அண்ணன். சிங்கப்பூர், துபாய், தோஹானு எங்கேயோ ஓர் ஊர்ல வேலை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவு. ஃப்ளைட் டிக்கெட் போட்ட சேதி தெருவுக்குத் தெரிஞ்ச அன்னிக்கே லிஸ்ட் கிளம்பிடும். அத்தைக்கு செல்போன், அப்பத்தாவுக்கு கோடாலித் தைலம், குட்டீஸுக்கு சாக்லேட்... கடைசியா நம்ம வாய்ஸ். ''சித்தப்பா, எனக்கு ஒண்ணும் பெருசா வேணாம். ஒரே ஒரு சின்ன கம்ப்யூட்டர் சாமான்...''

அந்த 'சின்ன சாமான்' கதைதான் இது. கேட்டது நான். மாட்டுனது அவர்!

திருநகர் மூணாவது ஸ்டாப் டீக்கடைதான் எங்க செட்டோட ஹெட் ஆபீஸ். 2024 கடைசியில நாங்க நாலு பேர் ஒரு மினி புராஜெக்ட் ஆரம்பிச்சோம். மல்லிகைப்பூ மொட்டை செல்போன்ல போட்டோ எடுத்தா, அதுல மொட்டுப்புழு விழுந்திருக்கா இல்லையானு கம்ப்யூட்டரே சொல்லணும். மதுரைக்காரன் மல்லியை விட்டுட்டு வேற எதைத் தொடுவான்? நிலையூர் பக்கம் தோட்டம் தோட்டமா அலைஞ்சு போட்டோ எடுத்தாச்சு. ஆனா, அவ்வளவு போட்டோவையும் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பாடம் நடத்தணும்னா, எங்கிட்ட இருந்த பழைய டெஸ்க்டாப் 'என்னை விட்டுருங்கடா'ன்னு கதறுது. விடிய விடிய ஓடியும் கால்வாசி முடியலை. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒண்ணு வேணும்.

டவுன்ஹால் ரோட்டுல விசாரிச்சோம். 12 ஜிபி மெமரி உள்ள கார்டு 26,500 ரூபாய். நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தோம். அப்ப ஒரு மாப்ள கேட்டான் பாருங்க அந்தக் கேள்வியை... ''ஏண்டா, உங்க சித்தப்பா சிங்கப்பூர்லதான இருக்காரு? அங்கிட்டு எல்லாம் பாதி விலைடா!''

அன்னிக்கு ராத்திரியே போன் போட்டேன்.

'பாதி விலை' பொய்யா, பழசா?

'வெளிநாட்டுல எல்லாம் பாதி விலை' என்பதை நாம எல்லாரும் நம்புறோம். யார் சொன்னதுனு கேட்டா யாருக்கும் தெரியாது. எங்க அப்பாகிட்ட கேட்டேன். ''அந்தக் காலத்துல உண்மைதாண்டா. டூ இன் ஒன், வி.சி.ஆர்.லாம் சிங்கப்பூர்ல இருந்து வந்தாத்தான். இங்கிட்டு கெடைக்காது. கெடைச்சாலும் வரியைப் போட்டு தீட்டிப்புடுவாய்ங்க'' என்றார்.

ஆனா, அந்தக் கணக்கு எப்பவோ மாறிப் போச்சு. மாத்தினதும் சிங்கப்பூரில் நடந்த ஒரு கூட்டம்தான்! 1996 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் முதல் அமைச்சர்கள் மாநாடு அங்கே நடந்தது. கம்ப்யூட்டர், அதன் பாகங்கள், சிப்கள் மீதான சுங்க வரியைப் படிப்படியா சைபர் ஆக்குவதுனு ஓர் ஒப்பந்தம் உருவானது. தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம்னு பெயர். 1997-ல் இந்தியாவும் சேர்ந்தது. 2005-க்குள் வரி படிப்படியா இறங்கிப்போச்சு. பிராசஸர், ராம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் கப்பலில் கன்டெய்னரில் முறையா வரும்போது அடிப்படைச் சுங்க வரி பூஜ்யம். நாம கடையில் கட்டுவது 18 சதவிகித ஜி.எஸ்.டி.தான்.

அப்போ வித்தியாசம் எங்கே? இந்த உள்ளூர் வரியில்தான். சிங்கப்பூரில் ஜி.எஸ்.டி. 2024 ஜனவரியில் 9 சதவிகிதமானது. துபாயில் 2018-ல் வந்த 'வாட்' வரி 5 சதவிகிதம். சின்னக் கணக்கு போடுவோம். வரி சேர்க்காமல் ஒரு கார்டு 21,000 ரூபாய்னு வைங்க. 18 சதவிகிதம் சேர்த்தா இங்கே 24,780. 9 சதவிகிதத்தில் சிங்கப்பூரில் 22,890. 5 சதவிகிதத்தில் துபாயில் 22,050. மிச்சம் 1,890 ரூபாயும், 2,730 ரூபாயும்தான். 'பாதி விலை'யைத் தேடித் தேடிப் பார்த்தேன், காணோம்!

'அங்கே கட்டின வரியை ஏர்போர்ட்ல திருப்பித் தருவாங்களே'னு கேட்பீங்க. சிங்கப்பூரில் தருவார்கள். ஆனா, அது டூரிஸ்ட்டுக்கு. அங்கேயே வேலை பார்க்கிறவருக்குக் கிடையாது. நம்ம வீட்டுச் சித்தப்பாக்கள் யாரும் டூரிஸ்ட் இல்லையே பாஸ்.

இதெல்லாம் இப்போ தெரியுது. அப்போ? சிங்கப்பூர் விலை 395 டாலர்னு சித்தப்பா விசாரிச்சுச் சொன்னார். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 25,000 ரூபாய். ''ஐயாயிரம் பத்தாயிரம் மிச்சமாகும்னு பார்த்தா 1,500 தானே ஆகுது தம்பி'' என்றார். ''பரவாயில்ல சித்தப்பா, 1,500-ன்னா சும்மாவா!'' என்றேன். நாலு பேரும் தலைக்கு 6,250 போட்டு, சித்தி கையில் கொடுத்துட்டு வந்தோம்.

ஆறு மாடி பஜார்

சித்தப்பா இருப்பது சிங்கப்பூரின் மேற்கு ஓரம், துவாஸ். கப்பல் பட்டறையில் வேலை, டார்மிட்டரியில் ஜாகை. கம்ப்யூட்டர் சாமான் வாங்கணும்னா போகவேண்டிய இடம் சிம் லிம் ஸ்கொயர். ரோச்சோர் ஸ்டேஷன் பக்கத்தில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போயிடலாம். ஆறு மாடி, மாடி முழுக்க சின்னச் சின்னக் கடைகள். நம்ம சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டை அப்படியே நிமிர்த்தி ஏ.சி. போட்ட மாதிரினு வைங்க.

அங்கே நல்ல கடைகள் நிறைய. ஆனா, உலகமே பார்த்த ஒரு சம்பவமும் அங்கேதான் நடந்தது. 2014 நவம்பர். வியட்நாமில் இருந்து வந்த ஒரு ஃபேக்டரி தொழிலாளி, 950 டாலர் கொடுத்து ஒரு செல்போன் வாங்கினார். காசு வாங்கின பிறகு, 'வாரன்ட்டிக்கு இன்னும் 1,500 டாலர் கொடு, இல்லைன்னா போன் கிடையாது'னு நின்றது கடை. அந்த மனுஷன் கடை வாசலில் முழங்கால் போட்டு அழுத வீடியோ உலகம் முழுக்கப் பரவியது. அடுத்த வருஷம், 2015 நவம்பரில், அந்தக் கடைக்காரருக்கு 33 மாத ஜெயில். சட்டம் கடுமையான ஊர்லயே இப்படி! அதனால, வெளிநாட்டுக் கடைனா ஏமாத்த மாட்டாங்க என்பதையும் 'பாதி விலை' லிஸ்ட்டுல சேர்த்துடுங்க. வாரன்ட்டி, வரி எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை பில்லில் எழுதச் சொல்லிப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் பணத்தை எடுக்கணும்.

எங்க சித்தப்பா உஷார் பார்ட்டி. மூணு கடை ஏறி இறங்கி, பில்லோட வாங்கிட்டார்.

2025 பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஃப்ளைட். அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டுக்கு வாடிவாசல் கட்டிக்கிட்டு இருந்தாங்க. ஏர்போர்ட் வாசலில் சித்தி, தங்கச்சி, நான். அந்த ஃப்ளைட்டில் வந்த எல்லாரும் வெளியே வந்து காரேறிப் போயாச்சு. சித்தப்பாவை மட்டும் காணோம். முக்கால் மணி நேரம் கழிச்சு டிராலியைத் தள்ளிக்கிட்டு வந்தார். ''என்ன சித்தப்பா இவ்வளவு நேரம்?'' ''உள்ள கூட்டம்டா'' என்றார். அவ்வளவுதான். என் கண்ணு டிராலியில் இருந்த அட்டைப்பெட்டி மேலயே இருந்ததால், அவர் மூஞ்சியை நான் பார்க்கலை.

'டமார்' ஆன வோல்ட்டு

கார்டை மாட்டியாச்சு. ஓடுச்சு! ஒரு ராத்திரி வேலை ரெண்டு மணி நேரத்தில் முடிஞ்சது. நாங்க நாலு பேரும் போட்ட குத்தாட்டத்தில் ஹவுஸ் ஓனர் மேலே வந்துட்டார்.

எங்களுக்கு நல்லபடியா ஓடினதற்கு ஒரு காரணம் இருக்கு. கிராஃபிக்ஸ் கார்டு, ராம் எல்லாம் கரன்ட்டை நேரா சுவத்திலிருந்து எடுக்கிறதில்லை. எஸ்.எம்.பி.எஸ். பெட்டி மாத்திக் கொடுக்கிற கரன்ட்டைத்தான் தின்னும். அதனால எந்த ஊர்ல வாங்கினாலும் ஓடும். நம்ம பெட்டிக்குள்ளே அதோட நீளம் அடங்குமா, எஸ்.எம்.பி.எஸ். அத்தனை வாட் தாங்குமா, சொருகுற பின் இருக்கா... இந்த மூணைப் பார்த்துட்டா போதும். வில்லன் யாருன்னா, சுவத்தில் நேரடியா சொருகுற அயிட்டங்கள்.

எங்க செட்டில் ஒருத்தனுக்குப் பட்டப்பெயரே 'வோல்ட்டு'. அவன் மாமா அமெரிக்காவிலிருந்து வரும்போது தன் பழைய கம்ப்யூட்டரைக் கழட்டி, எஸ்.எம்.பி.எஸ்.ஸோட கொண்டுவந்து கொடுத்தார். பயபுள்ள ஆசை ஆசையா சொருகி சுவிட்சைப் போட்டான். 'டமார்!' வீடு முழுக்கப் புகை. அவங்க அம்மா, சிலிண்டர்தான் வெடிச்சுருச்சுனு தெருவுக்கே ஓடிட்டாங்க.

என்ன நடந்தது? அமெரிக்காவில் கரன்ட் 120 வோல்ட். ஜப்பானில் 100. நமக்கு 230. பழைய எஸ்.எம்.பி.எஸ். பின்பக்கம் ஒரு குட்டி சிவப்பு சுவிட்ச் இருக்கும். 115, 230னு ரெண்டு நிலை. 115-ல் வைத்தால் உள்ளே வர்ற வோல்ட்டேஜை அது ரெண்டு மடங்காக்கும். 230-ஐ டி.சி.யாக மாத்தினா கிட்டத்தட்ட 325 வோல்ட் வரும். அதை ரெண்டு மடங்காக்கினா 650! உள்ளே இருக்கிற ரெண்டு கெப்பாசிட்டரும் சேர்ந்து தாங்குறதே 400 வோல்ட் வாக்கில்தான். அப்புறம் என்ன, தீபாவளிதான்! நம்ம வோல்ட்டு அந்தச் சிவப்பு சுவிட்சைப் பார்க்கவே இல்லை.

இப்போ வர்ற லேப்டாப் சார்ஜர் எதை வேணா எடுத்துப் பாருங்க. பொடி எழுத்தில் '100 - 240 வோல்ட்'னு போட்டிருக்கும். அப்படி இருந்தா பயமே இல்லை. சிங்கப்பூர், துபாய் பிளக்கில் மூணு பட்டைக் கம்பி இருக்கும், நம்ம சாக்கெட்டில் நுழையாது. அதுக்காக அங்கேயே அடாப்டர் வாங்கத் தேவையில்லை. டெஸ்க்டாப் பவர் கேபிளில் கம்ப்யூட்டர் பக்கம் சொருகுற முனை எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். நம்ம ஊர் கேபிளை மாத்திப் போட்டா வேலை முடிஞ்சது.

வாரன்ட்டிக்கு பாஸ்போர்ட் இல்லை!

ஜூன் மாசம். ரெவ்யூவுக்கு மூணு வாரம் இருக்கு. ஒருநாள் ராத்திரி ஸ்க்ரீனில் கலர் கலரா கோடு. அப்புறம் கறுப்பு. அவ்வளவுதான், கார்டு கண்ணை மூடிருச்சு.

'அதான் மூணு வருஷ வாரன்ட்டி இருக்கே'னு தைரியமா கிளம்பினோம். சர்வீஸ் சென்டரில் சீரியல் நம்பரைத் தட்டிப் பார்த்தவர், ''தம்பி, இது சிங்கப்பூர்ல வித்த பீஸ். இங்க எடுக்க முடியாது. வாங்கின ஊர்லதான் பார்க்கணும்'' என்றார். நாங்க நாலு பேரும் வாயடைச்சு நின்னோம்.

பின்னாடி டவுன்ஹால் ரோட்டுக் கடைக்கார அண்ணன் விளக்கினார். ''லேப்டாப் சிலதுக்கு உலகம் பூரா வாரன்ட்டி உண்டு. கார்டு, போர்டு மாதிரி உதிரிச் சாமானுக்குப் பெரும்பாலும் வித்த நாட்டோட சரி. அந்தந்த ஊர் டீலர்தான் பொறுப்பு. எங்கிட்ட 1,500 ரூவா கூடக் கொடுத்து வாங்கியிருந்தா, இப்ப எஞ்சட்டையைப் புடிச்சுக் கேக்கலாம்ல?'' அந்த 1,500 ரூபாய்க்குள்ள என்னென்ன அடங்கியிருக்குனு அன்னிக்குத்தான் புரிஞ்சது.

சரி, பார்சலில் அனுப்பிடலாமா? போறதுக்கு கூரியர் காசு தனி. அதைவிட, ரிப்பேராகித் திரும்பி வரும்போது அது வெளிநாட்டிலிருந்து வர்ற சரக்கு. சுங்கத்தில் பேப்பர் கேட்பார்கள். 'கிஃப்ட்'னு எழுதி அனுப்பலாமேனு ஒரு அறிவாளி சொன்னான். அந்தக் கதவையும் 2019 டிசம்பரில் சாத்திட்டாங்க. தபாலிலும் கூரியரிலும் அன்பளிப்புனு சொல்லி இறக்குமதி செய்யத் தடை போட்டாங்க. விலக்கு ரெண்டே ரெண்டுக்குத்தான். உயிர் காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. நம்ம கார்டு ரெண்டுமே இல்லையே!

பெட்டிக்குள் ஒரு ரசீது

வாரன்ட்டிக்கு பில் வேணுமேனு பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். பில்லுக்கு அடியில் நாலா மடிச்ச இன்னொரு பேப்பர். பிரிச்சுப் பார்த்தா, மதுரை ஏர்போர்ட் சுங்கத்துறை ரசீது. 3,080 ரூபாய்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒண்ணும் ஓடலை. அப்புறம்தான் விதிகளைத் தேடிப் படிச்சேன். அன்றைக்கு நடைமுறையில் இருந்தது 2016-ம் வருஷ பேக்கேஜ் விதிகள். சிங்கப்பூர், துபாய் மாதிரி ஊர்களிலிருந்து வர்றவர், தன் உடுப்பு மாதிரி சொந்த உபயோகப் பொருட்கள் போக, 50,000 ரூபாய் மதிப்புள்ள சாமானை வரி இல்லாமல் கொண்டுவரலாம். 18 வயசு ஆனவர் ஒரு லேப்டாப்பும் தனியா கொண்டுவரலாம், அது இந்தக் கணக்கில் சேராது. ஆனா கவனிங்க... லேப்டாப்புக்குத்தான் சலுகை. கிராஃபிக்ஸ் கார்டு லேப்டாப் இல்லை! அது 50,000-க்குள்ளேதான் அடங்கணும்.

வரம்பு தாண்டினால் தாண்டின தொகைக்கு 35 சதவிகிதம் வரி, அந்த வரி மேல் 10 சதவிகிதம் சர்சார்ஜ். மொத்தம் 38.5 சதவிகிதம். அத்தைக்கு செல்போன், சித்திக்கு மிக்ஸி, எனக்குக் கார்டு எல்லாம் சேர்த்து 58,000 ஆகியிருக்கு. 8,000-க்கு 38.5 சதவிகிதம், 3,080. மனுஷன் பச்சை வழியில் நழுவாமல், சிவப்பு வழியில் போய், பில்லைக் காட்டிக் கட்டிட்டு வந்திருக்கார். அந்த முக்கால் மணி நேரம் அதுக்குத்தான். 'உள்ள கூட்டம்டா!'

கொடுமை என்னன்னா, இதே கார்டு கன்டெய்னரில் வந்திருந்தா சுங்க வரி சைபர், ஜி.எஸ்.டி. 18 சதவிகிதத்தோடு முடிஞ்சிருக்கும். சித்தப்பா பெட்டியில் வந்ததால் வரம்புக்கு மேல் 38.5! வியாபாரிக்கு ஒரு கணக்கு, பெட்டி தூக்குறவருக்கு ஒரு கணக்கு.

இன்னொரு சீனியர் அண்ணன் வீட்டுக் கதையும் உண்டு. அவரும் அண்ணியும் ஒண்ணா வந்தாங்க. கையில் 90,000 ரூபாய்க்கு ஒரு டெஸ்க்டாப். 'ஆளுக்கு 50,000, ரெண்டு பேருக்கு ஒரு லட்சம்'னு தெம்பா இருந்திருக்காங்க. ரெண்டு பேர் வரம்பையும் ஒண்ணாச் சேர்க்கக் கூடாதுனு விதியிலேயே இருக்கு. 40,000-க்கு வரி 15,400 ரூபாய். ''ஹனிமூன் பட்ஜெட்டே அவ்வளவுதான்டா'' என்று சிரிக்கிறார் இப்போ.

ரெண்டு ஞாயிற்றுக்கிழமை

கார்டுக்கு வருவோம். சித்தப்பாவோட நண்பர் ஒருத்தர், ஹார்விபட்டிக்காரர், லீவு முடிஞ்சு சிங்கப்பூர் திரும்பினார். அவர் கையில் கார்டைக் கொடுத்து அனுப்பினோம். சித்தப்பா கடைக்குப் போய்க் கொடுத்தார். மூணு வாரம் கழிச்சு, போய் வாங்கினார். புதுசாவே மாத்திக் கொடுத்துட்டாங்க. ஜூலை கடைசியில் வேற ஒருத்தர் கையில் திருநகர் வந்து சேர்ந்துச்சு. ரெவ்யூ அதுக்குள்ள முடிஞ்சு போச்சு!

ரெவ்யூவை எப்படிச் சமாளிச்சோம்? கூகுள் கோலாப்னு ஒண்ணு இருக்கு. அவங்க கம்ப்யூட்டரை, கிராஃபிக்ஸ் கார்டோடு, கொஞ்ச நேரத்துக்கு ஓசியில் தருவாங்க. நேரம் முடிஞ்சா பிடுங்கிக்குவாங்க. நாலு பேரும் முறை வச்சு மாத்தி மாத்தி உட்கார்ந்து முடிச்சுட்டோம். அதாவது... எங்க புராஜெக்ட்டுக்கு அந்தக் கார்டே தேவைப்பட்டிருக்காது. ப்ச்!

ஆகஸ்ட்டில் ஒருநாள் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் சித்தி சொன்னாங்க... ''உங்க சித்தப்பாவுக்கு வாரத்துல ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் லீவு. அன்னிக்கும் கம்பெனியில கூப்புட்டா ஓ.டி.க்குப் போயிருவாரு. டபுள் சம்பளம்ல? உன் சாமானுக்காக ரெண்டு ஞாயிறு போகலைப்பா. துவாஸ்ல இருந்து அந்தக் கடைக்குப் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரமாம்.''

சித்தி குறையாச் சொல்லலை. சும்மாதான் சொன்னாங்க. ஆனா, வண்டியை ஓட்டிக்கிட்டு வீட்டுக்கு வர்றவரைக்கும் தலைக்குள்ள கணக்குதான். எங்களுக்கு மிச்சம் 1,500. சித்தப்பா கட்டின வரி 3,080. ஒரு ஞாயிறு ஓ.டி. சம்பளமே என் மிச்சத்தை விட அதிகம். அப்படி ரெண்டு ஞாயிறு. இன்ஜினீயரிங் படிக்கிற நாலு பேர் சேர்ந்து இந்தக் கணக்கைப் போடத் தெரியலை!

அடுத்த மாசம் நாலு பேரும் சேர்ந்து 3,080-ஐ சித்தி கையில் கொடுத்தோம். விஷயம் தெரிஞ்சு சித்தப்பா போனில் திட்டினார். ''காசு பெரிய மனுஷனாயிட்டீங்களோ?'' ஞாயிற்றுக்கிழமைகளை எந்தக் கணக்கில் கொடுக்கிறது? அது மட்டும் இன்னும் பாக்கி.

அப்போ வாங்கவே கூடாதா?

அப்படி இல்லை பாஸ். சில கேஸில் லாபம் உண்டு. வர்றவர் தனக்குனு லேப்டாப் எதுவும் கொண்டுவரலைன்னா, அந்த ஒரு லேப்டாப் சலுகை சும்மா கிடக்கு. உலக வாரன்ட்டி உள்ள மாடலா பார்த்து வாங்கலாம். 2023 ஆகஸ்ட் 3-ம் தேதி லேப்டாப் இறக்குமதிக்கு லைசென்ஸ் வேணும்னு மத்திய அரசு திடீர்னு அறிவிச்சு, அடுத்த நாளே அக்டோபர் 31 வரைக்கும் தள்ளி வச்சாங்களே, ஞாபகம் இருக்கா? அப்பவும்கூட பயணி தன் பெட்டியில் கொண்டுவர்றதுக்கு விலக்கு இருந்தது. அதேபோல, நம்ம ஊரில் எங்க தேடியும் கிடைக்காத ஒரு சின்ன போர்டு, ஒரு சென்சார்... அதுக்குக் கேட்கலாம். கைக்குள்ள அடங்கும், விலையும் குறைவு.

செகண்ட் ஹேண்ட் கார்டுனா மட்டும் ரெண்டு தடவை யோசிங்க. 2022 செப்டம்பரில் எத்தீரியம் தன் முறையை மாத்தினதும், அதைத் தோண்டுறதுக்காக ராப்பகலா ஓடின கார்டுகள் பழைய மார்க்கெட்டில் குவிஞ்சது. பெட்டி புதுசா இருக்கும். உள்ளே கார்டு ரிட்டயர்டு ஆகியிருக்கும்!

போன் போடும் முன் ஒரு நிமிஷம்...

* முதல்ல டவுன்ஹால் ரோடு, அப்புறம் ரிச்சி ஸ்ட்ரீட், அப்புறம் ஆன்லைன். மூணு விலையையும் எழுதி வைங்க. வெளிநாட்டு விலையை வரியோடு, அன்றைய டாலர் ரேட்டில் பெருக்குங்க. பத்து சதவிகிதத்துக்குக் கீழ் மிச்சம்னா பேசாம இங்கேயே வாங்கிடுங்க.

* வாரன்ட்டி இந்தியாவில் செல்லுமானு அந்தக் கம்பெனியோட இந்திய சர்வீஸ் சென்டரிலேயே வாங்குறதுக்கு முன்னாடி கேளுங்க. வெளிநாட்டுக் கடைக்காரர் தலையாட்டுறதை நம்பாதீங்க.

* சுங்க வரம்பும் வரி விகிதமும் அப்பப்போ மாறும். நான் சொன்ன 50,000-மும் 38.5-மும் 2025 ஜனவரிக் கணக்கு. ஃப்ளைட் ஏறுற வாரத்தில் மத்திய சுங்கத்துறை வெப்சைட்டில் அன்றைய வரம்பைப் பாருங்க.

* வர்றவர் பெட்டியில் ஏற்கெனவே என்னென்ன இருக்குனு கேளுங்க. உங்க சாமான் மட்டும் வரம்புக்குள் இருந்தா பத்தாது. மொத்தமும் இருக்கணும்.

* ஒரிஜினல் பில் கட்டாயம். வரம்பு தாண்டினால் சிவப்பு வழிதான். பில் இல்லைன்னா மதிப்பை அதிகாரிதான் போடுவார். மறைச்சு மாட்டினா அபராதம், பறிமுதல். மாட்டுறது நீங்க இல்லை, உங்க சித்தப்பா.

* சுவத்தில் சொருகுற எதுவா இருந்தாலும் '100 - 240 வோல்ட்' எழுத்தைத் தேடுங்க. சிவப்பு சுவிட்ச் இருந்தா 230-ல் இருக்கானு பாருங்க. வோல்ட்டை நினைச்சுக்குங்க.

* துபாய் பக்கம் லேப்டாப் வாங்கினா, கீபோர்டில் அரபி எழுத்தும் இருக்கும். பரவாயில்லையானு யோசிச்சுக்குங்க.

* வரி வந்தா நான் கட்டிடுறேன்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. அவரா கேட்க மாட்டார்.

போன வாரம் சித்தப்பா போன் பண்ணினார். அடுத்த லீவுக்கு டிக்கெட் போடப் போறாராம். எல்லார்கிட்டயும் பேசிட்டு, கடைசியா என்கிட்ட போன் வந்துச்சு. ''அப்புறம் தம்பி, இந்தத் தடவை என்ன சாமான்? கூச்சப்படாம சொல்லு!''

''ஒண்ணும் வேணாம் சித்தப்பா.''

''ஏண்டா, கோவமா?''

''அதெல்லாம் இல்ல. சரி, ஒண்ணே ஒண்ணு... அப்பத்தாவுக்குத் தைலம் தீர்ந்துபோச்சு. அது மட்டும் வாங்கிட்டு வாங்க!''